தொலைப்பணியைப் பாடமாக நடத்த எந்தக் கருவி? மூடுல் முதல் கேட்மி வரை ஒரு மதிப்பாய்வு

வீடியோ கூட்டச் செயலிக்கு உரிமம் வாங்கிவிட்டால் தொலைப்பணிப் பயிற்சிக்கான ஏற்பாடு முடிந்தது என்று நினைக்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம். பிசகு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கூட்டத்தில் உட்காரவும் மைக்கை அணைக்கவும் மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வராதவை வேறு. தான் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலையைத் தொடரும்படி குறிப்பு எழுதி வைப்பது, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இராமல் அடுத்த வேலையை எடுப்பது, எடுத்த முடிவை மற்றவர்கள் பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தில் எழுதுவது. வேலைக்குப் போன புதிதில் இடறி விழுவது இவற்றில்தான்.

அதனால் இங்கே ஒவ்வொரு கருவியிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மாணவர் செய்த வேலையின் எழுத்துத் தடம் இதில் மிஞ்சுகிறதா, அதைப் படித்து ஆசிரியர் மதிப்பெண் போட முடிகிறதா? எடுத்துக்கொண்டவை ஐந்து: ஜூலிப் (குழு அரட்டை), மூடுல் (பாட மேலாண்மை), கிட்லேப் (திட்டப்பணியும் கோப்பு மாற்றங்களும்), பிக்புளூபட்டன் (வீடியோ கூட்டம்), கேட்மி (குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடுவது). முதல் நான்கையும் பல்கலைக்கழகம் தன் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். கிட்லேப்பிலும் அதற்கு இலவசப் பதிப்பே போதும். ‘டெலிகம்யூட்டிங்’ என்ற சொல்லை ஜாக் நில்லஸ் 1973-இல் உருவாக்கியதே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில்தான். சொல்லைப் பெற்றெடுத்த இடம், திறனைக் கற்றுத்தருவதில் இவ்வளவு பின்தங்கியிருப்பது வேடிக்கை.

ஜூலிப்: அரட்டைக்கு இதுவே முதல் தேர்வு

ஸ்லாக் என்ற அரட்டைச் செயலி எல்லோருக்கும் பழகியது, பல அலுவலகங்களில் ஓடுவது. அதையே வகுப்பிலும் வைக்கலாமே என்ற வாதம் நியாயமானது. ஆனால் அதன் இலவசப் பதிப்பில் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். 16 வார செமஸ்டர் என்றால் 112 நாள். கடைசி நாளில் திரும்பிப் பார்த்தால் முதல் 22 நாள் பேச்சு மறைந்திருக்கும். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் குழு பேசி முடிவுசெய்தது அந்த 22 நாளில்தான். மதிப்பெண் போடும் நேரத்தில் ஆதாரம் கையில் இருக்காது. கட்டணப் பதிப்பு வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும். அடுத்ததாகச் சொல்லப்போவது தீராது.

ஸ்லாக்கில் பேச்சு ஆற்று வெள்ளம்போல ஓடுகிறது. ஒரு செய்திக்கான பதில்களைத் தனியே கோக்கும் இழை உண்டு, ஆனால் விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவில்தான். ஜூலிப்பில் சேனலுக்குள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின்கீழ் போகிறது. தலைப்பு இல்லாமல் எழுத முடியாதபடி நிர்வாகி அமைத்துவிடலாம். எட்டு மணி நேரம் கழித்து வருபவர் 140 செய்திகளையும் மேலிருந்து கீழே படிக்க வேண்டாம். தனக்கு வேண்டிய இரண்டு தலைப்புகளைத் திறந்தால் போதும். நேரம் மாறி வேலை செய்வோருக்கு இந்த ஒரு வசதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இன்னொரு சின்ன வசதியும் உண்டு: நேரத்தை ஜூலிப்பின் நேரக் குறியீட்டில் எழுதினால், படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் காட்டும். ‘நாளை காலை பத்து’ என்று எழுதிவிட்டு, யாருடைய பத்து என்று பிறகு சண்டை போடுவது இதனால் நின்றுபோகும்.

அமைப்பது இப்படி: குழுவுக்கு ஒரு சேனல், வகுப்பு முழுவதற்கும் பொதுவாக ஒன்று. தலைப்பின் பெயர் வேலையின் பெயராக இருக்க வேண்டும். ‘சந்தேகம்’, ‘அவசரம்’ போன்ற பெயர்கள் கூடாது. ஒரு தலைப்பைத் ‘தீர்ந்தது’ என்று குறிக்கும் முன், கடைசிச் செய்தியாக முடிவை ஒரே வரியில் எழுத வேண்டும். செமஸ்டர் முடிவில் ஆசிரியர் படிக்க வேண்டியது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளைத்தான்.

எங்கே கெடும்? முதல் இரண்டு வாரம் மாணவர்கள் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கொட்டுவார்கள். திட்டிப் பயனில்லை. உதவி ஆசிரியர் ஒருவர் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கி, செய்திகளை உரிய தலைப்புக்கு நகர்த்திக்கொண்டே வந்தால் மூன்றாம் வாரம் தானாகப் பழகிவிடும். சொந்த சர்வரில் நிறுவுவோர் மறக்கும் இன்னொன்று: கைபேசி அறிவிப்புகள் ஜூலிப் நிறுவனத்தின் அறிவிப்புச் சேவை வழியாகவே போகின்றன. சர்வரை அதில் பதிவு செய்யாவிட்டால் மாணவர்களின் கைபேசி மௌனமாகவே இருக்கும்; ‘எனக்கு எதுவும் வரவில்லையே’ என்ற பதில் ஒரு வாரம் ஓடும். சர்வர் பெரிதாக வேண்டியதில்லை. குறைந்தது 2 ஜி.பி. ரேம், நூறு பேருக்கு மேல் என்றால் 4 ஜி.பி.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வாட்ஸப். எந்தக் கருவியைக் கொடுத்தாலும் மாணவர்கள் பக்கத்திலேயே ஒரு வாட்ஸப் குழு வைத்திருப்பார்கள். தடை போட்டால் ஒளித்து வைப்பார்கள். ‘தடத்தில் இல்லாத முடிவு எடுக்கப்படாத முடிவு’ என்று மதிப்பெண் விதியிலேயே எழுதிவிடுவதுதான் வழி. அங்கே பேசியதை இங்கே இரண்டு வரியில் சுருக்கி எழுதுவதும் தேவையான பயிற்சிதான். அலுவலகத்தில் நடைபாதையில் பேசிய பேச்சைத் தொலைவில் இருப்பவருக்குச் சொல்வது இதே வேலை.

மூடுல்: பழைய வண்டி, யாரும் திறக்காத பெட்டி ஒன்று உள்ளே

2002-இல் வெளிவந்த மென்பொருள். பல பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே ஓடுகிறது, பாடக் கோப்புகளைப் போட்டு வைக்கும் அலமாரியாக. அதிலுள்ள ‘ஒர்க்‌ஷாப்’ என்ற செயல்பாட்டைத் தொட்டுப் பார்த்த ஆசிரியர்கள் குறைவு. தொலைப்பணிக்கு மூடுலில் உண்மையில் உதவுவது அதுதான்.

ஒர்க்‌ஷாப் ஐந்து கட்டங்களில் நடக்கிறது: அமைப்பு, ஒப்படைப்பு, மதிப்பீடு, மதிப்பீட்டையே மதிப்பிடுவது, முடிவு. மாணவருக்கு இரண்டு மதிப்பெண்கள் கிடைக்கின்றன: தான் எழுதியதற்கு ஒன்று, பிறர் எழுதியதை எவ்வளவு சரியாக எடைபோட்டார் என்பதற்கு ஒன்று. இயல்பான அமைப்பில் இவை 80, 20. தொலைப்பணிப் பாடத்தில் அதை 60, 40 ஆக்குங்கள். பிறர் குறிப்பைப் படித்து, எங்கே புரியவில்லை என்று மரியாதையாக எழுதிக் காட்டுவது இந்த வேலையில் பாதி.

இதற்கு ஏற்ற பயிற்சி கைமாற்றுக் குறிப்பு. ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவேண்டும். ஐந்து கேள்விகளுக்குக் குறிப்பில் விடை இருக்கிறதா என்று சரிபார்ப்பவர் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். முடிந்தது எது? மீதி எது? கோப்பு எங்கே இருக்கிறது? தடை என்ன, அதை யார் நீக்க முடியும்? அடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது எது? மதிப்பிடும் முறையாக ‘பிழைகளின் எண்ணிக்கை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, எத்தனை பிழைக்கு எத்தனை சதவீதம் என்ற அட்டவணையை நிரப்பினால் தயார்.

ஒவ்வொரு குறிப்பையும் குறைந்தது மூன்று பேர் மதிப்பிட வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. சராசரிக்கு மிக அருகில் உள்ள மதிப்பீட்டைத்தான் மூடுல் சிறந்ததாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறது. இரண்டே பேர் என்றால் இருவரும் சராசரியிலிருந்து சம தூரம். யார் கவனமாகப் படித்தார் என்று பிரிக்க வழியில்லை. பங்கிடும்போது ஒரே குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடாதபடி தடுக்கும் கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

கோளாறு வரும் இடம் இது. கெடு முடிந்ததும் தானாக மதிப்பீட்டுக் கட்டத்துக்கு நகரும்படி அமைத்துவிட்டு, ‘திட்டமிட்ட பங்கீடு’ என்பதைப் போட மறந்தால், மதிப்பீட்டுக் கட்டம் திறந்திருக்கும், யாருக்கும் படிக்க ஒன்றும் இருக்காது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் சர்வரில் ஒழுங்காக ஓடாவிட்டால் இரண்டுமே நடக்காது. ஒர்க்‌ஷாப்பில் குழுவாக ஒப்படைக்க முடியாது என்பது பலர் சொல்லும் குறை. இந்தப் பயிற்சிக்கு அது வசதியே. குறிப்பு எழுதுவதில் மற்றவர் முதுகில் ஏறிக்கொள்ள முடியாது.

மூடுலின் மன்றத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் போதும். பதிவிட்டபின் திருத்திக்கொள்ள 30 நிமிடம் தருகிறது, அது முடிந்தபின்தான் மின்னஞ்சல் போகிறது; அவசரச் செய்திக்கு மன்றம் உதவாது. கெடு நேரத்தை அவரவர் சுயவிவரத்தில் உள்ள நேர மண்டலத்தில் காட்டுகிறது. அதைத் தொடாமல் விட்ட மாணவருக்கு சர்வர் நேரம் தெரியும், நிர்வாகி எல்லோருக்கும் ஒரே மண்டலத்தைக் கட்டாயமாக்கியிருந்தால் எல்லோருக்கும் அதுவே. முதல் வகுப்பிலேயே சுயவிவரத்தைத் திறந்து திருத்த வையுங்கள்.

கிட்லேப்: கணினித் துறைக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம்

கிட்லேப் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகக் கட்டடமே கிடையாது. ஊழியர்கள் எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து வேலை செய்கிறார்கள். தங்கள் பணிக் கையேட்டையும் யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையேட்டில் ஒரு பகுதியைப் படித்து, தங்கள் குழுவுக்கு ஒரு பக்க விதி எழுதச் சொல்வது நல்ல முதல் ஒப்படைப்பு.

கருவியைப் பொறுத்தவரை, வகுப்புக்கு வேண்டியவை மூன்றே: இஷ்யூ (ஒரு வேலைக்கான பதிவு), பலகை (எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டுவது), மெர்ஜ் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைப் பொதுப் பதிப்பில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இஷ்யூ, அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. இலவசப் பதிப்பில் ஓர் இஷ்யூவுக்கு ஒருவரை மட்டுமே பொறுப்பாளராகப் போட முடியும். விற்பனைப் பட்டியலில் இது குறைபாடு, வகுப்பறையில் வரம். ‘நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி இருவருமே பார்க்காமல் விடுவது குழு வேலையின் பழைய நோய்.

வரலாறு, பொருளாதாரம் படிப்பவர்களுக்கும் இது ஆகும். கட்டளை வரி தேவையில்லை, உலாவியிலேயே திருத்தலாம். ஆனால் எழுத்தை மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் மட்டும் கொண்ட வெற்று எழுத்தில், எழுத வேண்டும். வேர்ட் கோப்பை ஏற்றினால், கிட்லேப்புக்கு அடியில் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், எந்த வரி மாறியது என்று காட்டாது. தடமே காணாமல் போகும். மார்க்டவுன் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் துறைகள் கூகுள் டாக்ஸில் ‘பரிந்துரை’ முறையை வைத்துச் சமாளிக்கலாம். அதன் பதிப்பு வரலாற்றில் இடைப் பதிப்புகள் சில நேரம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிடும் என்பதால், மைல்கல் பதிப்புகளுக்குப் பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும்.

இணையத்திலுள்ள கிட்லேப்.காமின் இலவசக் கணக்கில் தனிப்பட்ட குழுமத்துக்கு ஐந்து பேர் வரம்பு. ஐந்து மாணவர் கொண்ட குழுவில் ஆசிரியர் ஆறாவது ஆள்; உள்ளே நுழைய முடியாது. நான்கு பேர் குழுவாக அமையுங்கள், அல்லது கல்வி நிறுவனங்களுக்கான இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், அல்லது சொந்த சர்வரில் நிறுவுங்கள். செமஸ்டர் தொடங்கியபின் விண்ணப்பிப்பது பயன் தராது, முன்பே செய்ய வேண்டிய வேலை.

மதிப்பெண் போடுகையில் கமிட் (பதிவு செய்த ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையை எண்ணாதீர்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்த மறுநாள், ஒரு காற்புள்ளிக்கு ஒரு கமிட் வரும். தன் கணினியில் கிட்டை அமைக்கும்போது பெயரும் மின்னஞ்சலும் தவறாக இருந்தால், உழைத்தவர் கணக்கில் ஒன்றுமே ஏறாது. மெர்ஜ் செய்யும்போது கமிட்களைச் சுருக்கிச் சேர்த்தால் தனித்தனி உழைப்பு ஒன்றாகக் கரைந்துவிடும். கமிட்டில் உள்ள நேரமும் எழுதியவரின் கணினிக் கடிகாரம் சொல்வதுதான். கெடுவுக்கு ஆதாரமாக அதை எடுக்காமல், சர்வரில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் திறந்த நேரத்தை எடுங்கள். படிக்க வேண்டியது அதில் நடந்த உரையாடல்: என்ன கேட்டார்கள், எதை மாற்றினார்கள், மறுத்தால் காரணம் சொன்னார்களா.

பிக்புளூபட்டனும் பாதிப்பேர் அறையில் உட்காரும் கூட்டமும்

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கியது; வகுப்பறைக்காகவே செய்யப்பட்டது என்பது பார்த்தாலே தெரியும். உலாவியிலேயே ஓடும், பொதுக் குறிப்பேடும் தனியறைகளும் உள்ளேயே உண்டு, மூடுல் 4.0 முதல் மூடுலுடனே சேர்ந்து வருகிறது. ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; இங்கே அந்தத் தொல்லை இல்லை.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. சர்வருக்கு 16 ஜி.பி. ரேம், 8 சி.பி.யூ கோர், பதிவுகளை வைக்க 500 ஜி.பி. இடம், விநாடிக்கு 250 மெகாபிட் இணைப்பு வேண்டும் என்று அதன் நிறுவல் கையேடு கேட்கிறது. குறைத்து நிறுவினால் முதலில் கெடுவது ஒலி. 16384 முதல் 32768 வரையிலான யூ.டி.பி. வாயில்களைத் திறந்து வைக்க வேண்டும். வளாக ஃபயர்வால் அதை மூடியிருந்தால் மாணவர் உள்ளே வருவார், ஒலி மட்டும் இணையாது. அதற்கு, ஒலியை இடைநின்று கடத்தும் டர்ன் சர்வர் 443-ஆம் வாயிலில் இயங்க வேண்டும். நிறுவும் ஆளிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யார் எத்தனை நிமிடம் பேசினார் என்று ஒரு பலகையில் காட்டுகிறது. அதை மதிப்பெண்ணாக்காதீர்கள். அதிகம் பேசியவருக்கு அதிக மதிப்பெண் என்றால் கூட்டம் நீளும். கூட்டத்தைக் குறைப்பதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம்.

ஹைப்ரிட் கூட்டத்தில் கேமராவைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முகம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சு கேட்காவிட்டால் தொலைவில் இருப்பவர் பத்தாவது நிமிடம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அறையில் ஒரே ஒரு மைக், ஒரே ஒரு ஒலிபெருக்கி. மற்றவர்கள் எல்லோரும் தங்கள் மடிக்கணினியில் இணைந்து, மைக்கையும் ஒலியையும் அணைத்து வைக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் அறை முழுக்க ஊளை கிளம்பும். அப்படி இணைந்திருந்தால்தான் அறையில் இருப்பவரின் பெயரும் எழுத்துச் செய்தியும் வெளியே இருப்பவருக்குச் சமமாகத் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பேசும் முறை தொலைவில் இருப்பவருக்கு. அரட்டைப் பெட்டியைக் கவனிக்க ஒருவர், அதுவும் வாரம் ஒருவராக மாற்றி. யார் அறையில், யார் வெளியில் என்பதும் மாறிக்கொண்டே வரவேண்டும். ஒருமுறையாவது வெளியே இருந்து தவித்தவர்தான் உள்ளே இருக்கும்போது மைக்கை நோக்கிப் பேசுவார்.

இணைப்பு மெலிந்த மாணவருக்காக ஒரு கணக்கு. இருவர் மட்டும் பேசும் அழைப்பில் 720 வரி வீடியோவுக்கு விநாடிக்கு 1.2 மெகாபிட் என்று ஜூம் சொல்கிறது. மணிக்கு 540 எம்.பி. ஒலி மட்டும் என்றால் விநாடிக்கு 100 கிலோபிட் போதும், மணிக்கு 45 எம்.பி. கேமராவைக் கட்டாயமாக்கும் ஆசிரியர், பன்னிரண்டு மடங்கு டேட்டாவைக் கட்டாயமாக்குகிறார்.

கேட்மி: உழைக்காதவரை எப்படிக் கண்டுபிடிப்பது

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கருவி. குழுவினர் ஒருவரையொருவர் ஐந்து கோணங்களில் மதிப்பிடுகிறார்கள்: வேலையில் பங்கு, சக உறுப்பினர்களோடு பழகும் விதம், குழுவைத் தடம் மாறாமல் வைத்திருப்பது, தரத்தை எதிர்பார்ப்பது, வேண்டிய அறிவும் திறனும். ஒவ்வொரு அளவுக்கும் நடத்தை விளக்கம் எழுதப்பட்டிருப்பதால், நட்புக்காக எல்லோருக்கும் ஐந்து போடுவது ஓரளவு கூச்சமாகிறது. ஓரளவுதான். ஒரு கூட்டாளிக் கும்பல் மற்றவரை ஒதுக்கியிருந்தால் அதையும் ஆசிரியருக்குக் கொடி காட்டுகிறது. நடு செமஸ்டரில் ஒருமுறை மதிப்பெண் இல்லாமல், கடைசியில் ஒருமுறை மதிப்பெண்ணோடு நடத்துங்கள். கடைசியில் மட்டும் நடத்தினால் அது பழிவாங்கும் சீட்டு.

குழு பிரிக்கவும் கேட்மி உதவும். ஓய்வு நேரம் பொருந்துகிறவர்களைச் சேர்த்துத் தரும். முதல் திட்டப்பணிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு வேண்டுமென்றே நேரம் பொருந்தாதவர்களைச் சேருங்கள். பயிற்சி அங்கேதான்.

செமஸ்டரில் பொருத்துவது

முதல் இரண்டு வாரம் கருவிப் பழக்கமும் குழு விதியும். அதன்பின் ஒரு வாரம் கூட்டமே இல்லாத வாரம்: எல்லாம் எழுத்தில். நடு செமஸ்டரில் கைமாற்று. ஒரு குழுவின் திட்டப்பணியை இன்னொரு குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். முதல் 48 மணி நேரம் பழைய குழுவிடம் எதையும் கேட்கக் கூடாது, தடத்தைப் படித்து மட்டுமே வேலையைத் தொடர வேண்டும். எவ்வளவு தொடர முடிந்தது என்பதுதான் பழைய குழுவின் மதிப்பெண். மேலே சொன்ன எந்த அறிக்கையையும்விட நேர்மையான அளவுகோல் இது. புதிய குழுவுக்கு 48 மணி நேரம் கழிந்ததும் எழுதும் கேள்விப் பட்டியலின் தரத்துக்கு மதிப்பெண்.

வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2006-இல் தொடங்கிய ‘காயில்’ மையம் இந்த முறைக்குப் பழைய முன்னோடி. மார்ச் மாதத்தில் கவனம். அமெரிக்கா கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரம் வழக்கமான கூட்டம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கெடுவை யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) எழுதச் சொல்லுங்கள்.

நிர்வாகம் பெரும்பாலும் மறப்பது ஆள். பத்துக் குழு, குழுவுக்கு வாரம் 15 நிமிடம் தடத்தைப் படித்தால் இரண்டரை மணி நேரம். இது பணிச்சுமைக் கணக்கில் ஏறாவிட்டால் மூன்றாம் வாரத்துக்குப்பின் யாரும் படிக்கமாட்டார்கள், மாணவர்களுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடும் வழக்கத்தையும் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட மாணவரிடம் இருக்கும் ஒரே சான்று இந்தத் தடம். கிட்லேப் திட்டத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதற்குத் திட்டத்தில் பராமரிப்பாளர் நிலை அனுமதி வேண்டும், மாணவர்களுக்குப் பெரும்பாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு குழுவில் ஒருவருக்காவது கொடுத்துவிடுங்கள்.